எஃப்.எஃப்.ஏ. கிளைத் தேர்தல்: எந்தப் பதவிக்கு நிற்கலாம்?

அமெரிக்கப் பள்ளிகளில் வேளாண் பாடம் படிக்கும் மாணவர்களுக்கான அமைப்பு எஃப்.எஃப்.ஏ. 1928இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. சொந்த நிலமோ மாடோ இருந்தால்தான் சேரலாம் என்பதில்லை. ஒவ்வொரு பள்ளிக் கிளையும் ஆண்டுதோறும் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறது. நிற்க நினைப்பவர்களில் பலருக்குத் தலைவர் பதவி மேல்தான் கண். முதல்முறை நிற்பவருக்கு நாங்கள் சொல்வது செயலர் பதவி.

தலைவரின் வேலை கூட்டத்தை நடத்துவது. சுத்தியல் தட்டும் முறையை ஒரே மாலையில் பழகிவிடலாம். இரண்டு தட்டு என்றால் கூட்டம் தொடங்குகிறது. மூன்று தட்டினால், மூன்றாவது தட்டில் எல்லாரும் ஒருசேர எழ வேண்டும். ஒரே தட்டு என்றால் உட்காரலாம், அல்லது எடுத்த விஷயம் முடிந்தது. சிக்கல் வருவது தீர்மானங்களில்தான். முன்மொழிந்தவுடன் வழிமொழிய ஆள் உண்டா என்று கேட்காமல் விவாதத்தைத் திறந்துவிடுவார்கள். திருத்தத்தை ஓட்டுக்கு விடாமல் மூலத் தீர்மானத்துக்குத் தாவுவார்கள். ஓட்டு சமமாக விழுந்தால் திகைத்து நிற்பார்கள். சமம் என்றால் தீர்மானம் தோற்றது, அவ்வளவுதான். விவாதத்தை முடித்து உடனே ஓட்டெடுக்க வேண்டும் என்று ஒருவர் கோரினால், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. நேரமாகிவிட்டது என்று தலைவரே பேச்சை வெட்ட முடியாது.

இதைவிடப் பெரிய பிழை, தலைமை இருக்கையில் உட்கார்ந்தபடியே தன் தரப்பைப் பேசுவது. வாதாட வேண்டுமானால் தலைமையைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அந்தத் தீர்மானம் முடிவாகும்வரை திரும்ப ஏறக் கூடாது. ஆகவே, எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருக்கும் துடிப்பான மாணவருக்குத் தலைவர் பதவி வாய்ப்பூட்டுதான். ஆனால் அப்படிப்பட்டவர்களைத்தான் நண்பர்கள் தலைவராக நிற்கச் சொல்லி உசுப்பேற்றுவார்கள்.

செயலர் நிகழ்ச்சிநிரல் தயாரிக்கிறார், வருகைப் பதிவும் உறுப்பினர் பட்டியலும் வைத்திருக்கிறார், கடிதங்களைக் கவனிக்கிறார், மினிட்ஸ் (கூட்டப் பதிவு) எழுதுகிறார். மினிட்ஸில் வர வேண்டியது என்ன முடிவானது என்பது. யார் என்ன பேசினார்கள் என்பது அல்ல. “பழ விற்பனை பற்றி நெடுநேரம் பேசினோம், நல்ல யோசனைகள் வந்தன” என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. “உணவு வங்கிக்கு 200 டாலர் கொடுக்கத் தீர்மானம், முன்மொழிந்தவர் இன்னார், நிறைவேறியது” என்றால் போதும். வழிமொழிந்தவர் பெயர்கூட அவசியமில்லை. தீர்மானம் நீளமாக இருந்தால் முன்மொழிபவரிடமே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓட்டுப் போட்டது ஒன்று, பதிவானது வேறொன்று என்று அடுத்த கூட்டத்தில் தகராறு வரும். அன்றிரவே தட்டச்சு செய்துவிடுவது நல்லது. ஒரு வாரம் போனால் கிறுக்கல் எழுதியவருக்கே புரியாது. ஒரு வருடம் இப்படி எழுதியவருக்குத் திருத்தம், ஒத்திவைப்பு, கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) எல்லாம் தானாகப் படிந்துவிடும். அடுத்த ஆண்டு தலைவருக்கு நிற்க இதைவிடப் பயிற்சி இல்லை.

கூட்டத்தில் பொருளாளரின் இடத்தில் சின்னமாக ஜார்ஜ் வாஷிங்டன் படம் இருக்கும், தன் பண்ணைக் கணக்கை அவர் கருத்தாக எழுதி வைத்தவர் என்பதால். கிளையின் பணம் பெரும்பாலும் பள்ளிக் கணக்கில்தான் கிடக்கும். அதனால் முதலில் கொள்முதல் ஆணை, பிறகுதான் பொருள். கடையில் வாங்கிவிட்டு ரசீதோடு வந்தால், பணம் திரும்பக் கிடைக்காமலே போகலாம். கிறிஸ்துமஸுக்கு முன் பல கிளைகள் ஆரஞ்சுப் பெட்டி விற்று நிதி திரட்டும். ஆர்டர் எடுக்கும்போதே பணம் வாங்கிவிடுங்கள். பெட்டி வந்த பிறகு “வேண்டாம்” என்பார்கள், பழமோ காத்திருக்காது. ரொக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். எண்களில் பொறுமையில்லாதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

துணைத் தலைவர் குழுக்களையும் ஆண்டு வேலைத்திட்டத்தையும் மேய்க்கிறார். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, செலவு, பொறுப்பாளர் பெயர் மூன்றும் எழுதாத திட்டம் அக்டோபரிலேயே காணாமல் போகும். செய்தியாளருக்கு வேலை குவிவது பிப்ரவரியில், எஃப்.எஃப்.ஏ. வாரத்தையொட்டி. படம் வெளியிடப் பெற்றோர் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். கதவருகே நிற்கும் வாயில் காப்பாளர் பதவியை இளக்காரமாகப் பார்ப்பார்கள். மேடைச் சின்னங்கள், நாற்காலி, விருந்தினர் வரவேற்பு எல்லாம் அவர் கையில். கூச்ச சுபாவமுள்ள ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கு நல்ல நுழைவு.

பள்ளியில் வேளாண் வகுப்பே இல்லையா? அப்போது 4-எச் என்ற இளையோர் மன்றம்தான் வழி. அதை நடத்துவது பல்கலைக்கழகங்களின் வேளாண் விரிவாக்கத் துறை. சின்னப் பிள்ளைகளும் பதினெட்டு வயதினரும் ஒரே கூட்டத்தில் உட்காரக்கூடும் என்பதால், நடைமுறை விதிகளைவிடப் பொறுமைதான் அங்கே தலைவருக்கு அதிகம் தேவை.

கிளைக்கு மேலே மாநிலப் பதவி. இது வேறு ரகம்: பள்ளி பள்ளியாகப் பயணம், பயிலரங்கு, மேடைப் பேச்சு. தேசிய அளவில் ஆறு பேர்தான், ஒரு மாநிலத்திலிருந்து ஒரு வேட்பாளர்தான். தேசிய நிர்வாகிகள் அந்த ஓராண்டு கல்லூரியை நிறுத்தி வைக்கிறார்கள். சில மாநிலங்களிலும் அப்படித்தான். மனுப் போடுமுன் கல்லூரிக்கு எழுதி, சேர்க்கையையும் உதவித்தொகையையும் ஓராண்டு தள்ளி வைப்பார்களா என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். சேர்க்கையைத் தள்ளி வைக்கும் கல்லூரி உதவித்தொகையையும் தள்ளி வைக்கும் என்று நம்பிவிட முடியாது.