அல்சூரா, சிவாஜிநகரா? எம்.இ.ஜி. பக்கம் அரை நாள்

பெங்களூருவில் உள்ள ராணுவப் பிரிவான மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் (எம்.இ.ஜி.) பயிற்சி பெறும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களுக்கு, மீதி நேரத்தை எங்கே கழிப்பது என்பதில்தான் குழப்பம்.

வந்து சேர
அல்சூர்: ஊதா மெட்ரோ, ஹலசூரு நிலையம். சோமேஸ்வரர் கோயிலுக்கு நடக்கலாம், ஏரிக்கு ஆட்டோ.
சிவாஜிநகர்: எம்.ஜி. ரோடு நிலையத்தில் இறங்கி கமர்ஷியல் ஸ்ட்ரீட் வழியாக நடை. கார் வேண்டவே வேண்டாம். நிறுத்த இடம் தேடியே மாலை போய்விடும்.

பார்க்க
அல்சூர்: கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஏரிக்கரையில் 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலை.
சிவாஜிநகர்: 1927இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட், பக்கத்திலேயே புனித மரியன்னை பேராலயம். செப்டம்பர் 8 திருவிழாவன்று நெரிசல் தாங்காது.

சாப்பிட
அல்சூர்: தர்ஷினி எனும் சுயசேவைச் சிற்றுண்டிக் கடைகளில் முதலில் காசு கட்டி டோக்கன், பிறகு கவுண்டரில் தட்டு. இட்லியும் சாம்பாரும் ஒன்றாக வரும். சட்னி தனியாக வேண்டுமென்றால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஏரியோர குருத்வாராவில் (சீக்கியர் கோயில்) லங்கர் எனும் பொதுச் சாப்பாடு இலவசம். தலையை மூடக் கைக்குட்டை அவசியம், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது.
சிவாஜிநகர்: பொழுது சாய்ந்ததும் கரி அடுப்பில் சீக் கபாப். கொத்திய கறியைக் கம்பியில் அழுத்திச் சுடுவார்கள். கம்பியிலிருந்து உருவியதும் சாப்பிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். பல கடைகளில் மாட்டுக்கறிதான். ஆட்டுக்கறி வேண்டுவோர் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரமலான் மாத இரவுகள்தான் இந்தத் தெருக்களின் உச்சம்.

வயதானவர்கள், கைக்குழந்தை, சைவம் என்றால் அல்சூர். துணிமணி வாங்கவும் அசைவத்துக்கும் சிவாஜிநகர். எங்கே போனாலும் ராணுவ வாசலில் போட்டோ எடுக்காதீர்கள்.