சிங்கப்பூர் – பினாங்கு விமானம்: டிக்கெட்டில் ஒன்றரை மணி, வாசலுக்கு வாசல் ஐந்து மணி

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போட்டிருக்கும். வானில் பறப்பது ஒரு மணிக்குச் சற்று மேல்தான். மிச்சம் சாங்கியில் ஓடுபாதைவரை ஊர்ந்து, வரிசையில் நிற்பதில் போய்விடும். இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே. பினாங்கில் சூரியன் மட்டும் கால் மணி பிந்தி உதிக்கும்.

உண்மையான கணக்கு வேறு. வீட்டிலிருந்து சாங்கிக்கு 40 நிமிடம், புறப்பாட்டுக்கு முன் இரண்டு மணி நேரம், விமானம் ஒன்றரை, அங்கே குடிநுழைவும் பெட்டியும் 40 நிமிடம், பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்குக் காரில் அரை மணி. ஐந்து மணியைத் தாண்டிவிடும். அப்படியிருந்தும் இந்த வழித்தடத்தைத் தயங்காமல் சொல்லலாம். பஸ்ஸில் ஏறினால் இரு பக்கச் சோதனைச்சாவடிகளையும் கடந்து போய்ச் சேர பத்து மணி நேரமாவது ஆகும்.

எந்த விமானம் என்பதைப் பெட்டிதான் தீர்மானிக்க வேண்டும். மலிவு விமானங்களில், ஏர்ஏசியாவில் கைப்பை 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. இரண்டிலும் தோள்பையையும் சேர்த்துத்தான் எடை. மடிக்கணினி, சார்ஜர், ஒரு ஜோடி செருப்பு போட்டாலே 4 கிலோவை நெருங்கும். கூடுதல் எடைக்கு நிலையத்தில் கட்டுவது, முன்பதிவிலேயே வாங்குவதைவிட நிறையவே அதிகம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கட்டணத்தில் 25 கிலோ பெட்டி சேர்ந்தே வருகிறது. ஆகவே மலிவு டிக்கெட்டோடு பெட்டி, இருக்கைக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். திரும்பும்போது ஜாதிக்காய்த் தைலமும் சம்பலும் வாங்குபவர்கள் கவனிக்க: 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி கைப்பையில் வராது.

தாமதம்தான் இந்தத் தடத்தின் பலவீனம். மலிவு விமானங்களில் ஒரே விமானம் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கும். காலையில் விழுந்த இருபது நிமிடம் மாலைக்குள் ஒரு மணியாக வளர்ந்துவிடும். காலை முதல் விமானமே நல்லது. அதற்கும் முழு உத்தரவாதம் இல்லை: ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் மழைக்காற்று சிங்கப்பூரை விடியற்காலையில்தான் அடிக்கும். அன்றைக்கே திருமணம், கோயில் சடங்கு என்று இருந்தால் முதல்நாளே போய்விடுங்கள். தைப்பூசத்துக்கு இருக்கை கிடைப்பதே கஷ்டம், விலையும் ஏறிவிடும்.

சன்னலோரம் வேண்டுமென்றால் போகும்போது வலப்பக்கம். தென்மேற்குக் கடல் பக்கமிருந்து இறங்கும் நாளில், பினாங்குத் தீவை நிலப்பகுதியோடு இணைக்க 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் கடல்மேல் வளைந்து ஓடுவது அந்தப் பக்கம் தெரியும்.

மலேசியாவின் இணையவழி வருகைப் படிவமான எம்டிஏசியை வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. திரும்பும்போது சிங்கப்பூரின் வருகைப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டு குடிமக்கள், வேலை பாஸ்காரர்கள் உட்பட எல்லோருக்கும் உண்டு. தரைவழியில் குடிமக்களுக்கும் வேலை பாஸ்காரர்களுக்கும் அது தேவைப்படாத பழக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இறங்கியதும் ஊருக்குள் போக 401இ பஸ் உண்டு. மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் விடும் நேரம். அரை மணிப் பயணம் ஒரு மணியாகும். திரும்பும் விமானத்துக்கு அந்த வேளையில் போக வேண்டியிருந்தால் ஜார்ஜ் டவுனிலிருந்து மூன்றரை மணி நேரம் முன்பே கிளம்புங்கள்.