லாஸ் வேகஸ் ஸ்ட்ரிப்பில் பச்சை இலை போர்டைப் பார்த்துக் கடைக்குள் போகாதீர்கள்

லாஸ் வேகஸின் ஸ்ட்ரிப் என்ற கேளிக்கைச் சாலையில், கேசினோக்களுக்கு நடுவே, கஞ்சா இலைப் படமும் பச்சை நியானுமாக மின்னும் கடைகளை உரிமம் பெற்ற டிஸ்பென்சரி (கஞ்சாக் கடை) என்று நினைத்துத்தான் பலரும் நுழைகிறார்கள். லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் 2017 ஜூலை 1 முதல் 21 வயது நிரம்பியவர்களுக்குக் கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கிறது. ஆனால் கேசினோவிலிருந்து 1,500 அடிக்குள் டிஸ்பென்சரி இருக்கக் கூடாது என்பது அங்குள்ள பொது விதி. அப்படியானால் நடைபாதையை ஒட்டியிருக்கும் அந்தக் கடை எதை விற்கிறது? ஹெம்ப். போதை தரும் டெல்டா-9 டிஎச்சி என்ற பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியைத்தான் 2018-ஆம் ஆண்டின் கூட்டாட்சி விவசாயச் சட்டம் ஹெம்ப் என்றது.

கவுன்டரில் யாரும் வாய்விட்டுப் பொய் சொல்வதில்லை. "லீகல்தானே?" என்றால் "நூறு சதவீதம் லீகல்" என்பார்கள், வெறும் ஹெம்ப்பைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையும்கூட. "ஸ்ட்ராங்கா இருக்குமா?" என்றால் ஒரு சிரிப்பு. கண்ணாடி ஜாடியில் செடியின் காய்ந்த மொட்டு, அதன் மேல் பிரபலமான ஒரு கஞ்சா வகையின் பெயர், டிஸ்பென்சரி விலைக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ ஒரு தொகை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் "ஹெம்ப்" என்றோ "சிபிடி" (அதே செடியிலுள்ள, போதை தராத பொருள்) என்றோ இருக்கும். போதைக்கென்று வாங்கியவருக்கு அதில் தொண்டை எரிச்சல்தான் மிச்சம்.

அதைவிட மோசமான சரக்கும் உண்டு. சிபிடியை அமிலம் சேர்த்து மாற்றி டெல்டா-8 என்ற போதைப் பொருளைத் தயாரிப்பார்கள். சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் கரைப்பான்களும், பெயர் தெரியாத துணைப் பொருள்களும் அதிலேயே தங்கிவிடும். டெல்டா-8 பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. அதைத் தடவிய மொட்டு சிலருக்கு ஒன்றுமே செய்யாது, சிலரைத் தூக்கிப் போட்டுவிடும். எவ்வளவு தடவியிருக்கிறது என்பது விற்கிறவருக்கும் தெரியாது.

நிஜக் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். டிஸ்பென்சரியில் சரக்கு இருக்கும் அறைக்குள் விடும் முன்பே அடையாள அட்டையைச் சோதிப்பார்கள்; வெளிநாட்டவர் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டலாம். கிரெடிட் கார்டு செல்லாது. கூட்டாட்சிச் சட்டப்படி கஞ்சா விற்பனை இன்னும் குற்றம் என்பதால், அதற்குப் பயந்து கார்டு நிறுவனங்கள் இந்த வியாபாரத்தைத் தொடுவதில்லை. எனவே கிரெடிட் கார்டைத் தாராளமாகத் தேய்க்கும் "கஞ்சா கடை" என்றால் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, கம்மி எனும், டிஎச்சி சேர்த்த மெல்லும் மிட்டாயின் உறையில் உள்ள எண். நெவாடாவில் ஒரு பரிமாறல் 10 மில்லிகிராம், முழுப் பாக்கெட் 100 மில்லிகிராம் டிஎச்சி என்பது உச்சவரம்பு. "1000 மி.கி." என்று பெரிய எழுத்தில் மின்னினால் அது உரிமம் பெற்ற சரக்கே இல்லை. கார்ட்டூன் படம் போட்ட உறையும் அப்படித்தான். சட்டம் அதை அனுமதிப்பதில்லை. சந்தேகம் தீரவில்லையா? மாநிலக் கஞ்சா இணக்க வாரியத்தின் இணையதளத்தில் உரிமம் பெற்ற கடைகளின் பட்டியல் இருக்கிறது. கடைப் பெயரோடு முகவரியையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் பெயரைக் காப்பியடிப்பது சகஜம். வெஸ்டர்ன் அவென்யூ மாதிரி ஸ்ட்ரிப்புக்குப் பின்பக்கத் தெருக்களில் நிஜக் கடைகள் உண்டு.

நடைபாதையில் கியூஆர் அட்டை நீட்டி, "ஹோட்டல் ரூமுக்கே டெலிவரி" என்பவரிடம் பேச்சே வேண்டாம். உரிமம் பெற்ற டெலிவரி தனியார் வீட்டுக்கு மட்டும்தான். கேசினோ ஹோட்டலுக்கு வராது. முன்பணத்தை ஆப்பில் வாங்கிக்கொண்டு எண்ணை பிளாக் செய்வதுதான் அவர்கள் தொழில். டாக்ஸிக்காரர் "நல்ல கடை" என்று கூட்டிப்போகும் இடத்திலும் அவருக்குக் கமிஷன் இருக்கலாம். போக வேண்டிய முகவரியை நீங்களே சொல்லுங்கள்.

நிஜக் கடையிலும் பில் கொஞ்சம் கடிக்கும். 10 சதவீதச் சில்லறைக் கலால் வரி, அதோடு 8.375 சதவீத விற்பனை வரி. 40 டாலர் என்று போட்டிருக்கும் 3.5 கிராம் பொட்டலம் 47 டாலரைத் தாண்டிவிடும். போர்டில் இருப்பது வரி சேர்ந்த விலையா என்று முதலிலேயே கேளுங்கள். டெபிட் கார்டைத் தேய்த்தால் பல இடங்களில் அது ஏடிஎம் எடுப்பாகப் பதிவாகும்: தொகையை மேலே முழுதாக்கி, மீதியைக் கையில் தந்து, அதற்குத் தனிக் கட்டணமும் போடுவார்கள். வெளிநாட்டு கார்டானால் உங்கள் வங்கியும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். ரொக்கம் கொண்டுபோவது மேல்.

புதியவர்களை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோவது பெரும்பாலும் கம்மிதான். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. சாப்பிட்ட டிஎச்சி செரித்து, கல்லீரல் வழியாகத்தான் மூளைக்குப் போகும்; வழியில் கல்லீரல் அதில் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி-டிஎச்சியாக மாற்றிவிடும். அது இன்னும் வீரியமானது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, "ஏமாத்திட்டான்" என்று இரண்டாவதை வாயில் போடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், செத்துவிடுவோம் என்ற பயம் வரும், வாந்தி வரும், ஆறு முதல் எட்டு மணி நேரம் இறங்காது. பழக்கமில்லாதவருக்கு 2.5 மில்லிகிராம் போதும், அதாவது 10 மில்லிகிராம் கம்மியில் கால்வாசி. அன்றைக்கு இரண்டாவது துண்டு வேண்டாம், மதுவும் வேண்டாம். இதய நோய், மனநோய் பின்னணி, கர்ப்பம் என்றால் தொடவே கூடாது. மீறிப்போனால் படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். நெஞ்சு வலித்தாலோ எழுப்பியும் எழாவிட்டாலோ 911. குழந்தை எடுத்துத் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே விஷத் தகவல் மையத்தை 1-800-222-1222 என்ற எண்ணில் அழையுங்கள். குழந்தைக்கு மூச்சு மந்தப்பட்டால் நேரே 911தான். அறையில் குழந்தைகள் இருந்தால் மிட்டாய் வடிவில் எதையும் வாங்காதீர்கள்.

கடையில் வாங்கலாம் என்பதால் எங்கேயும் பயன்படுத்தலாம் என்று ஆகாது. தெருவில் புகைத்தால் 600 டாலர்வரை அபராதம். பெரும்பாலான ஹோட்டல் அறைகளிலும் தடை, மீறினால் துப்புரவுக் கட்டணம் தீட்டுவார்கள். கஞ்சா பயன்படுத்துவதற்கென்றே உரிமம் பெற்ற லவுஞ்சுகள் மிகச் சில உண்டு. திறந்திருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். போதையில் வண்டி ஓட்டினால் மது குடித்து ஓட்டியதற்குச் சமமான வழக்கு.

வேகஸ் வந்தவர்கள் மறுநாள் ஹூவர் அணை, கிராண்ட் கேன்யன் என்று கிளம்புவது வழக்கம். காரில் மிச்சம் இருந்தால் அறையிலிருந்து கிளம்பும் முன்பே அழித்துவிடுங்கள். ஹூவர் அணை, ரெட் ராக், லேக் மீட், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா எல்லாம் கூட்டாட்சி நிலம். அங்கே ஒரு கம்மிகூடக் குற்றம். அரிசோனாவிலும் கஞ்சா சட்டப்படியானதுதான், ஆனாலும் மாநில எல்லையைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. ஹாரி ரீட் விமான நிலையத்தில் போட்டுவிட்டுப் போவதற்கென்றே பச்சைப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர், துபாய் வழியாகவோ நேராக இந்தியாவுக்கோ பறப்பவர்கள் பையின் மூலை முடுக்கெல்லாம் உதறிப் பாருங்கள்.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. விசிட்டர், எஃப்-1, எச்-1பி, கிரீன் கார்டு யாராக இருந்தாலும் குடிவரவுக்குப் பொருந்துவது கூட்டாட்சிச் சட்டம், நெவாடா சட்டம் இல்லை. நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "பயன்படுத்தினேன்" என்று அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்க முடியும். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில் போதைப்பொருள் சட்டத்தை மீறியதுண்டா என்று நேரடிக் கேள்வியே இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தில், மாநிலம் அனுமதித்த பயன்பாடுகூட நன்னடத்தைக்கு எதிராக நிற்கும் என்று குடியேற்றத் துறை 2019-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பொய் சொன்னால் அது தனி விவகாரம், இன்னும் பெரியது. ஏற்கெனவே பயன்படுத்திவிட்டவர் அடுத்த படிவத்தை நிரப்பும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பார்க்கட்டும்.

ஸ்ட்ரிப் கடையில் ஏற்கெனவே பணத்தை விட்டுவிட்டீர்களா? ரசீதையும் பாக்கெட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். அமெரிக்க கிரெடிட் கார்டு என்றால் ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள், விற்றவர் சொன்னதும் லேபிளில் இருப்பதும் பொருந்தவில்லை என்று ஆட்சேபம் எழுப்புங்கள். ஹெம்ப்பைக் கஞ்சா என்று விற்றால், உரிமமில்லாத விற்பனை என்று கஞ்சா இணக்க வாரியத்திடமும் புகார் கொடுக்கலாம். மிச்சமிருக்கும் பாக்கெட்டை யாருக்கும் கொடுக்காமல் குப்பையில் போடுங்கள்.