நாய்க்குட்டிகளை எங்கே வைப்பது: தெருவிலா, காப்பகத்திலா, நம் வீட்டிலா?

மார்கழி பிறந்தால் சென்னையில் தெருவுக்குத் தெரு நாய்க்குட்டிகள். கண்டவர் மனம் இளகி, உடனே காப்பகத்துக்குத் தொலைபேசியில் பேசுவார். இல்லையென்றால் நிரந்தர வீடு கிடைக்கும்வரை தற்காலிகமாக வளர்க்க யாராவது வருவார்களா என்று தேடுவார். தாயோடு தெருவிலேயே விட்டுக் கவனித்துக்கொள்வதும் ஒரு வழிதான் என்று நினைப்பவர்கள் குறைவு. என் கணக்கில் முதலில் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

தாய் உயிரோடு இருந்து பால் கொடுக்கிறது என்றால், எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தூக்கி வருவது பெரும்பாலும் உபகாரம் ஆகாது. பிறந்த புதிதில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், பால் புகட்ட வேண்டும். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு தேவை. குட்டியின் உடல் தானாகச் சூட்டைக் காக்காது. ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் சிறுநீரே கழிக்கும். தாய் இத்தனையையும் தன் மடியாலும் நாக்காலும் முடித்துவிடுகிறது. தாய்க்கு வயிறாரச் சோறு, தண்ணீர், மழை படாத ஒரு மூலை: நம் பங்கு அவ்வளவுதான். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையும் குட்டி உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது. ஆனால் பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையோரத்தில் ஈன்றிருந்தால் இந்த வாதம் நிற்காது.

காப்பகத்தைக் குறை சொல்வது எளிது. 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் இல்லையென்றால் அடிபட்ட நாயை எங்கே கொண்டுபோவது? கால் முறிந்த குட்டிக்கும் புண்ணில் புழு வைத்த குட்டிக்கும் மருத்துவர் இருக்கும் இடமே சரி. நலமாக இருக்கும் குட்டிக்குத்தான் அங்கே ஆபத்து, அதன் பெயர் பார்வோ: குடலைத் தாக்கிக் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய். தடுப்பூசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட வேண்டியிருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளியில் பல தெருக்களின் நாய்கள் வந்துபோகும் இடத்தில் குட்டியை வைப்பது சூதாட்டம். இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், பினாயிலை நம்ப முடியாது. ப்ளீச்சிங் கரைசல் வேண்டும்.

ஆகவே பால் மறந்த, ஊசி முடியாத குட்டிக்கு வீடே மேல் என்பேன். மூன்று வாரத்திலிருந்து மூன்றரை மாதம்வரை கண்டு பழகியதையே நாய் பின்னாளில் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. குக்கர் விசில், மிக்ஸி, அழைப்பு மணி, குடையோடு வரும் விருந்தாளி என எல்லாம் அந்த வயதில் பழகிவிடும். தத்தெடுக்க வருபவர், “தனியே விட்டுப் போனால் அழுமா?” என்று கேட்பார். கூடவே வைத்திருந்தவருக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

இனி, ஆர்வலர்கள் மெல்லிய குரலில் சொல்லும் பகுதி. “இரண்டே வாரம்” என்று ஒப்படைத்த குட்டி மாதக்கணக்கில் நீடிக்கலாம். பெண் குட்டி என்றால் இன்னும் கூடுதலாக. ஆண் குட்டி இருக்கிறதா என்றுதான் விசாரிப்பார்கள். பெண் நாய் குட்டி போடுமே என்ற பயம்தான். கருத்தடை அறுவை செய்துவிட்டால் தீரும் விஷயத்துக்கு இத்தனை தயக்கம்! வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் முன்பே பேச வேண்டும். வீட்டு நாய்க்கு ஊசி பாக்கி இருந்தால் புதுக் குட்டியை ஏற்கவே கூடாது. பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு, ஊசி முடியாத இன்னொன்றை ஓராண்டுக்காவது கொண்டுவராதீர்கள். தெருவிலிருந்து வந்த குட்டி கடித்தாலோ பல் கீறினாலோ, பால் பல்தானே என்று விடாமல், பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு இந்த ஒன்றே மறுக்கப் போதுமான காரணம்.

ஒப்புக்கொள்ளும் முன் குட்டியைக் கொடுப்பவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: மருத்துவச் செலவு யாருடையது? யாரும் தத்தெடுக்காவிட்டால் எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள்? வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவர் ஒரேயடியாகக் குட்டியை உங்களிடம் தள்ளிவிடப் பார்க்கிறார்.