பால்வாடி சத்துமாவு: தொடர்ந்து வாங்கிச் சமைத்தவள் சொல்கிறேன்

பால்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வாங்கி வந்து மாட்டுத் தொட்டியில் கரைத்து ஊற்றுகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஓசியில் வருவது ஒப்புக்குத்தான் இருக்கும் என்கிற நினைப்பு அது. நான் கர்ப்பமாக இருந்தபோதிருந்து மகளுக்கு மூன்று வயது முடிகிற வரைக்கும் இந்த மாவுதான் எங்கள் வீட்டில் ஓடியது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் எனக்கு ஷிப்ட் வேலை, வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடையில் விற்கிற சத்து பவுடர் டப்பாவை மாதாமாதம் வாங்க எங்களுக்குக் கட்டாது. ஆனால் கட்டுப்படியாகிறது என்பதற்காக மட்டும் இதை நல்ல மாவு என்று சொல்லவில்லை.

கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம், அதோடு வைட்டமினும் தாதுச்சத்தும் சேர்த்தது. வறுத்து அரைத்த மாவு என்பதால் பாக்கெட்டைப் பிரித்ததுமே வாசம் தூக்கும். ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு மூன்று வயது வரை தருகிறார்கள், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் தனியாக உண்டு. பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் நாளைக்கு இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் போய்ச் சேர வேண்டும் என்று அரசு அளவு வைத்திருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு மேலே இது. மாவில் கஞ்சி காய்ச்சி வீட்டில் எல்லோரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தால் பாக்கெட் பத்து நாளில் காலி, பிள்ளைக்கு உடம்பில் ஒட்டாது. நான் மகளுடைய மாவைத் தனி எவர்சில்வர் டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிட்டேன். மாமியார் கூட முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே காவல்.

ருசி இல்லை, கட்டி கட்டியாக வருகிறது என்பவர்களிடம் ஒன்று கேட்பேன்: கொதிக்கிற தண்ணீரில் நேராகக் கொட்டுகிறீர்களா? பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, பிறகு அடுப்பில் ஏற்றி, சிறு தீயில் கைவிடாமல் கிண்டவேண்டும். கரண்டியிலிருந்து சொட்டாகக் கொட்டாமல் கெட்டியாக விழுகிற பதத்தில் இறக்குங்கள். வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது, சர்க்கரை வேண்டாம். ஒன்றரை வயதுக்கு மேல் என் மகள் கஞ்சியைத் துப்ப ஆரம்பித்தாள். அப்போது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசிறி இட்லிச் சட்டியில் புட்டாக அவித்து, தேங்காய்ப் பூ தூவிக் கொடுத்தேன். உருண்டை பிடித்தாலும் சாப்பிட்டாள். இன்னொன்று, வெல்லம் கலந்த மாவு என்பதால் மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், எறும்பும் வரும். தேதி பார்த்து வாங்குங்கள். எனக்கு ஒரு தடவை வண்டு வைத்த பாக்கெட் வந்தது. திருப்பிக் கொடுத்தேன், டீச்சர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்.

மாவைவிடப் பெரிய விஷயமாக நான் நினைப்பது எடை போடுவதைத்தான். மாவை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தராசில் வைக்காமல் ஓடிவிடுகிறவர்கள் பாதி சேவையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். என் மகளுக்கு ஒன்பதாவது மாதம். பார்வைக்குக் கொழுகொழு என்றுதான் இருந்தாள். எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்த டீச்சர் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, பிள்ளைக்கு வயித்தால போச்சா?" என்றார்.

"ஆமாங்க டீச்சர். போன மாசம். இப்ப சரியாயிருச்சு."

"எங்க சரியாயிருச்சு? கோடு படுத்துருச்சு பாரு."

அட்டையைத் திருப்பிக் காட்டினார். மேலே ஏறிக்கொண்டிருந்த கோடு அந்த மாதம் படுக்கையாகக் கிடந்தது. எடை குறையவில்லை, ஏறவும் இல்லை. ஏறாமல் நிற்பதே அந்த வயதில் எச்சரிக்கை என்று சொன்னார். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சு, ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ விடு, மூன்று வேளையை ஐந்தாகப் பிரி, தாய்ப்பாலை நிறுத்தாதே என்றார். இடது மேற்கையில் நாடாவைச் சுற்றியும் அளந்தார். 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. அதற்குக் கீழே போனால் கவனம், 11.5-க்கும் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டுபிடித்துத் தனியாகக் கவனிக்கத்தான் 2022-இல் ஊட்டியில் "ஊட்டச்சத்தை உறுதி செய்" திட்டத்தைத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த மாதங்களில் என் மகளின் கோடு ஏறிவிட்டது. காசு வாங்கும் டாக்டர்கூட இவ்வளவு நேரம் என்னோடு உட்கார்ந்து பேசியதில்லை.

கர்ப்பத்தின்போது கிடைத்த ஊட்டச்சத்துப் பெட்டகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாயில் 4,000 ரூபாய் இரண்டு பெட்டகமாக வரும். பேரீச்சம்பழம், நெய், தாய்மாருக்கான சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் எல்லாம் இருக்கும். டானிக் வாய்க்குத் துவர்ப்பு. டீ குடித்த கையோடு குடித்தால் சத்து ஒட்டாது என்று நர்ஸம்மா சொன்னதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடித்தேன். கர்ப்பம் தெரிந்ததும் பதிவு செய்து கர்ப்பப் பதிவு எண் வாங்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இனி என் ஆற்றாமை. மாவு கொடுப்பது வேலை நாளில், பகலில். எனக்குப் பகல் ஷிப்ட் என்றால் அரை நாள் சம்பளம் போகும். முன்பு மாமியார் போய் வாங்கி வருவார். இப்போது போனில் முகத்தைக் காட்டிச் சரிபார்த்தால்தான் பாக்கெட். பதிவாகியிருப்பது என் முகம், அதனால் நான்தான் போக வேண்டியிருந்தது. கடைசியாக மாவு வாங்கிய மாதம் சிக்னல் இல்லாமல் வெயிலில் பிள்ளைகளோடு வரிசையாக நின்றோம். டீச்சரே போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் வேப்ப மரத்துக்கும் நடந்தார். மாவு திருட்டுப் போகக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் கூலி வேலைக்குப் போகிற தாய்க்குத்தான் இந்தத் திட்டம். அவளால் வர முடிகிற நேரத்தில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கொடுக்கவேண்டும். அல்லது வீட்டில் இன்னொருவர் முகத்தையும் பதிய விடவேண்டும். இதை எழுதிக் கையெழுத்து வாங்கி மனுவாகக் கொடுத்திருக்கிறோம்.

மகள் இப்போது பால்வாடியிலேயே மதியம் சாப்பிடுகிறாள். வாரம் மூன்று முட்டை, மற்ற நாளில் பயறோ உருளைக்கிழங்கோ. எலுமிச்சை சாதம் என்றால் கிண்ணத்தை வழித்துவிடுகிறாள், பருப்பு சாதத்தை மீதி வைக்கிறாள். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த காலத்தில் தன் மூத்த பிள்ளை இதே பால்வாடியில் தட்டோடு உட்கார்ந்ததை மாமியார் இன்றைக்கும் சொல்லுவார். ஆயா பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுத்தான் தட்டு வைக்கிறார், அதை நானே நின்று பார்த்தேன்.

மில் குவார்ட்டர்ஸில் இருக்கும் ஒடிசாக்காரப் பெண்ணுக்கு இதெல்லாம் தனக்கும் உண்டு என்றே தெரியாது. ஊர் விட்டு ஊர் வந்தாலும் பேரை மாற்றிப் பதிந்துகொள்ளலாம். நான் கூட்டிக்கொண்டு போனேன். ஆதாரும் போனும் எடுத்து வந்தாள், டீச்சர் பதிந்துகொண்டார். இப்போது சத்துமாவைச் சப்பாத்தி மாவோடு பிசைந்து கல்லில் சுட்டு மகனுக்குக் கொடுக்கிறாள். எனக்கும் ஒன்று தந்தாள். நம் கஞ்சியைவிட நன்றாக இருக்கிறது, செய்து பாருங்கள்.