வளரும் பிள்ளைகளுக்கு வாள்வீச்சுச் சாமான் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசு போடுங்கள்

68,500 ரூபாய். வாள்வீச்சுச் சாமான் வாங்கப் போய் நான் ஏமாந்த காசு. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வியாழக்கிழமையிலிருந்து இந்த இலக்கம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டுக் கட்டி எடுத்த காசு. யாரும் சும்மா தந்ததில்லை.

மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு ஒன்பது. டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னைப் பிள்ளை பவானி தேவி விளையாடிய வீடியோவை மகன் எங்கேயோ பார்த்துவிட்டு வாள்வீச்சுப் பழக வேண்டும் என்று நின்றான். எங்கள் திருகோணமலையில் அதற்கு எங்கே போவது என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சனிக்கிழமைகளில் ஒரு மாஸ்டர் பிள்ளைகள் கொஞ்சப் பேருக்கு ஃபொயில் என்கிற வாள்வகையைப் பழக்குகிறார் என்று தெரியவந்தது. அண்ணன் போனால் தங்கச்சி விடுவாளா, அவளும் போனாள். முதல் மூன்று மாதமும் மூங்கில் தடிதான். பவானி தேவியும் பள்ளிக்கூடத்தில் மூங்கிலில்தான் தொடங்கினவர் என்று சொன்ன பிறகே இரண்டு பேரும் முணுமுணுப்பை நிறுத்தினார்கள். அப்புறம் மாஸ்டர் சொன்னார், பதினொரு பிள்ளைகளுக்கு முகத்தை மூடும் கம்பிவலை மாஸ்க் நாலே நாலு, ஒருவரின் வியர்வையை இன்னொருவர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், முடிந்தவர்கள் சொந்தமாக வாங்குங்கள் என்று.

ஊரில் எங்கே வாங்க? வாள்வீச்சுக்கும் வேலிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், ஃபென்சிங் சாமான் என்று கேட்டால் முள்ளுக்கம்பியும் கொங்கிறீட் தூணும் காட்டுவார்கள். உண்மையாகவே ஒரு கடையில் "எத்தனை பேர்ச் காணி?" என்று கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் சாமான் விலை ஒரு பக்கம், அனுப்பும் செலவும் வரியும் இன்னொரு பக்கம். அதைவிடப் பெரிய கவலை, பிள்ளைகள் வளர்கிறார்கள். ஒரு வருடத்தில் மகனின் சப்பாத்து இரண்டு அளவு ஏறிவிட்டது. இன்றைக்கு அளவாக வாங்கும் ஜக்கெட் வருகிற தைப்பொங்கலுக்குக் கைக்கு ஏறுமா?

அந்தக் கவலையைத் தெரிந்துதான் தூண்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு சமூக ஊடகப் பக்கம், விளையாட்டுச் சாமான் மட்டும் விற்கிற பக்கம். பெயர் இங்கே எழுதவில்லை. "வளரும் பிள்ளைகளுக்கான மாற்றுத் திட்டம்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. ஒரு முறை வாங்கினால் இரண்டு வருடத்துக்குள் அளவு போதாமல் போகும்போது பழையதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சக் காசு சேர்த்துப் பெரியதை எடுக்கலாமாம். எனக்காகவே எழுதினது போல இருந்தது.

மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது. அக்கா அக்கா என்று அவ்வளவு மரியாதை. நெஞ்சளவு கேட்டான், உயரம் கேட்டான், தலையைச் சுற்றி நாடா பிடித்து அளந்து அனுப்பச் சொன்னான். இரவு பத்து மணிக்கு இரண்டையும் நித்திரையிலிருந்து எழுப்பி அளந்தேன். பிறகு அவனாகவே கேட்டான், "பிள்ளைகள் ரெண்டு பேரும் வலது கையா அக்கா?"

இந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன்.

மகள் இடது கைக்காரி. வாள்வீச்சு ஜக்கெட்டை இழுத்து மூடும் சிப் வாள் பிடிக்காத கைப் பக்கம்தான் இருக்க வேண்டும், கிளவுஸ் வாள் பிடிக்கிற கைக்கு மட்டும். இதெல்லாம் மாஸ்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் சொல்லாமலே இவன் கேட்கிறானே, விஷயம் தெரிந்தவன், ஏமாற்றுகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இரண்டு மாஸ்க், இரண்டு ஜக்கெட், அதற்குள் போடுகிற, அக்குளை மூடும் அரைச்சட்டை இரண்டு, கிளவுஸ் இரண்டு, பிள்ளைகள் அளவான 2ஆம் இலக்க அலகு (வாளின் தகடு) போட்ட ஃபொயில் இரண்டு. எல்லாம் சேர்த்து 68,500. பொருள் கையில் கிடைத்த பிறகு காசு கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, இவ்வளவு பெரிய தொகையை டிலிவரிக்காரர் வாங்கமாட்டார் என்றான். பாதியைப் போடு, மிச்சத்தை வந்த பிறகு பார்ப்போம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதையும் கேட்டேன். "நம்பிக்கை இல்லையெண்டா விடுங்க அக்கா, பரவாயில்ல, வேற பிள்ளைகளுக்குக் குடுக்கிறன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த நாள் காலையிலேயே வங்கியில் வரிசையில் நின்று முழுக் காசையும் போட்டு, சிட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். கணக்கு கடையின் பெயரில் இல்லை, ஒரு ஆளின் பெயரில் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டும் போட்டேன்.

வந்து சேர இருபத்துமூன்று நாள். பார்சலைப் பிரிக்கும்போது பிள்ளைகள் இரண்டும் தரையில் குந்திக்கொண்டு இருந்தார்கள். மகள் முதலில் எடுத்தது கிளவுஸ். போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, பெருவிரல் மற்றப் பக்கம் நிற்குது" என்றாள். வந்ததே இரண்டு கிளவுஸ்தான், இரண்டும் வலது கைக்கு. அவளின் ஜக்கெட்டில் சிப்பும் பிழையான பக்கம். அரைச்சட்டை ஒன்றுகூட இல்லை. ஃபொயிலின் அலகில் கைக்காப்புக்குக் கிட்ட இலக்கம் குத்தியிருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், 5. அது பெரிய ஆட்களுடைய அளவு, அலகு மட்டும் 90 சென்டிமீற்றர். ஒன்பது வயதுப் பிள்ளை தூக்கிக்கொண்டு நின்றால் முனை நிலத்தைத்தான் பார்க்கிறது. தலையைக்கூட அளந்து அனுப்பினேனே!

இதெல்லாம் பிழையான அளவு என்று விட்டுவிடலாம். மாஸ்க்தான் என்னை இந்த நேரத்தில் இதை எழுத வைக்கிறது. கழுத்தை மூடுகிற துணியில் 350 நியூட்டன் என்று, துணி எவ்வளவு குத்தைத் தாங்கும் என்று காட்டுகிற ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. நல்ல சாமானில் அந்த அடையாளம் தைத்து வரும். இது கடதாசி ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்துவிட்டது. அடியில் வெறும் துணி. சனிக்கிழமை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். போட்டிகளில் மாஸ்க் வலையைச் சோதிக்க 12 கிலோ அழுத்தம் கொடுக்கிற ஊசிக் கருவி ஒன்று வைத்திருப்பார்களாம், அவரிடம் அது இல்லை. இரண்டு பெருவிரலையும் வலையின் நடுவில் வைத்து அமத்தினார், அவ்வளவுதான். தேக்கரண்டி அளவுக்குப் பள்ளம் விழுந்தது. மீண்டு வரவேயில்லை. "இதைப் போட்டுக்கொண்டு நான் பிள்ளையை நிறுத்தமாட்டன்" என்று சொல்லி மகனின் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார். பிறகுதான் 1982இல் ரோமில் நடந்ததைச் சொன்னார். உலகச் சம்பியன்ஷிப் போட்டி, எதிராளியின் அலகு முறிந்து, முறிந்த முனை மாஸ்க்கைத் துளைத்துக்கொண்டு போய், விளாடிமிர் ஸ்மிர்னோவ் என்ற சோவியத் வீரர் சில நாட்களில் இறந்துபோனார். 1980 ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தவர். இன்றைக்கு மாஸ்க்குக்கும் உடுப்புக்கும் இவ்வளவு கட்டுப்பாடு இருப்பதற்கு அந்தச் சாவும் காரணம். அப்படியான பாதுகாப்பு எண் ஒன்றைத்தான் இவன் கடதாசியில் அடித்து ஒட்டியிருக்கிறான்.

இனி, காசைத் திருப்பிக் கேட்ட கதை. வியாழன் பின்னேரமே படங்கள் அனுப்பினேன். "ஸ்டோர்ல மாறிப் போட்டிட்டாங்க அக்கா, பாப்பம்" என்றான். வெள்ளி காலையில் மனேஜர் வெளியூர். வெள்ளி மாலையில், மாற்றித் தரலாம், ஆனால் அனுப்புகிற செலவும் "கையாளும் கட்டணமும்" சேர்த்து இன்னும் 9,000 போடுங்கள் என்றான். என்னுடைய 68,500ஐ வைத்துக்கொண்டு இன்னும் 9,000! நான் காசைத்தான் திருப்பிக் கேட்கிறேன் என்றதும் குரல் மாறிவிட்டது. பார்சலைப் பிரித்துவிட்டீர்களாம், பிரித்த சாமானைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது, மந்திரம் போட்டா? மாற்றுத் திட்டம் என்று போட்டிருந்தீர்களே என்றேன். "அது வளர்ந்த பிறகுதானே அக்கா, இப்ப வளரேல்லையே" என்றான். இதைச் சொல்லும்போது அவன் சிரித்தது பதிவில் கேட்கிறது. வைத்திருக்கிறேன், அழிக்கவில்லை. நேற்று இரவோடு அவனுடைய படம் மறைந்துவிட்டது, நான் அனுப்புவது எதுவும் போவதில்லை. பக்கத்தில் எழுதிய கொமன்ட்டையும் காணவில்லை. ஆனால் பக்கம் இருக்கிறது, இன்று காலையும் அதே விளம்பரம்.

நாளைக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லப்போகிறேன். சிட்டை, குரல் பதிவு, படங்கள் எல்லாம் கோப்பில் போட்டு வைத்தாயிற்று.

வாங்கப்போகிறவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தனியாள் கணக்குக்கு முழுக் காசு போடாதீர்கள். அலகில் உள்ள இலக்கத்தையும், மாஸ்க்கின் தைத்த அடையாளத்தையும் கிட்டப் பிடித்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், படம் வேண்டாம். செலவைக் குறைப்பதென்றால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து மாஸ்டர் மூலமாக எடுங்கள், ஜக்கெட்டைப் பெரிய பிள்ளையிடமிருந்து சின்னப் பிள்ளைக்கு மாற்றலாம், மாஸ்க்கில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பழைய மாஸ்க் என்றால் பெருவிரலால் அமத்திப் பாருங்கள், துரு இருந்தால் தொடவே வேண்டாம்.

இன்று மத்தியானம் ஒரு தாய் போன் எடுத்தார். அவருடைய மகனும் அங்கேதான் பழகுகிறான். அந்த இரண்டு மாஸ்க்கையும் பாதி விலைக்குத் தருவீர்களா, சும்மா பழகத்தானே என்று கேட்டார். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன், 68,500இல் கொஞ்சமாவது கைக்கு வருமே என்று ஓடியது. இல்லை அக்கா, தரமாட்டேன் என்று சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். போனை வைத்துவிட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு வலையையும் காலால் மிதித்து நசுக்கித் தரச் சொன்னேன். நசுங்க அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.