நாவல் போட்டுத் தருகிறோம் என்று 48,000 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள், கதை எழுதுகிற பெண்கள் கவனம்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன். 48,000 ரூபாய் போச்சு. காசு கொடுத்துப் புத்தகம் போடலாம் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எனக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே மாத நாவலைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவள். என் பேர் போட்ட ஒரு காதல் நாவல் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்க வேண்டும் என்பது அன்றைக்கே வந்த ஆசை. அப்புறம் கல்யாணம், குழந்தைகள், மஞ்சக்காட்டு வேலை, மாமியாருக்கு வைத்தியம். எல்லோரும் தூங்கின பிறகு செல்லிலேயே தட்டித் தட்டி எழுதி முடித்தேன். கொடிவேரி அணையில் மீன் வறுத்து விற்கிற வீட்டுப் பெண்ணுக்கும் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிற பையனுக்கும் வருகிற காதல்தான் கதை.

செல்லில் ஒரு விளம்பரம் பார்த்துக் கதையை அனுப்பினேன். கோவையில் இருக்கிற, எழுதுகிறவரிடமே பணம் வாங்கிப் புத்தகம் போடுகிற பதிப்பகம். மறுநாளே ஒருத்தர் கூப்பிட்டார், அச்சு அசல் நம்ம ஊர்ப் பேச்சு. "அம்மிணி, அந்த வாய்க்கா மேட்டுச் சண்டையைப் படிச்சுட்டு எங்கூட்டுக்காரி அழுதுட்டாளுங்க" என்றார். இத்தனை வருசத்தில் என் வீட்டில் ஒருத்தர்கூட நான் எழுதினதில் ஒரு பக்கம் படித்ததில்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் என் கதாநாயகி பேரைச் சொல்லிப் பேசுகிறார், எந்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறார், நம்பாமல் என்ன செய்வது? 300 பிரதி, ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண், ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் அவர்கள் ஸ்டாலிலேயே வெளியீடு, எல்லாம் சேர்த்து 48,000 என்றார். சீட்டு எடுத்த பணத்தை அப்படியே போட்டுவிட்டேன்.

பணம் போன பிறகு பேச்சே மாறிவிட்டது. பேப்பர் விலை ஏறிடுச்சுங்க, டிசைன் பண்றவர் ஊருக்குப் போயிட்டார், பைண்டிங்ல இருக்குதுங்க. திருவிழாவுக்குச் சொந்தக்காரர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்த் தேடினால் அப்படி ஒரு ஸ்டாலே இல்லை. அங்கிருந்தே போன் போட்டேன். "இந்த வருசம் இடம் கெடைக்கலீங்க, அடுத்த மாசம் பாத்துக்கலாம்." என் அக்காவும் அவள் சம்பந்தியும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குப் பெட்டி வந்தது. 300 இல்லை, 30. திறந்தால் கொம்பு போட்ட எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கிறது. 'கொடிவேரி' என்கிற இடத்தில் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் ஒட்டியிருக்கிறது, புத்தகம் முழுக்க இப்படித்தான். ஃபான்ட் மாற்றும்போது உடைந்ததை ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை. பின்னட்டையில் வேறு யாரோ எழுதின கதையின் சுருக்கம். வாய்க்கா மேட்டுச் சண்டை வருகிற பக்கமே இல்லை! போன் செய்தால் யாரோ ஒரு பெண், "ப்ரூஃப் நீங்க ஓகே பண்ணீங்களே மேடம்" என்று வைத்துவிட்டாள். அச்சுக்குப் போகும் முன்னால் பிழை பார்க்க அனுப்புகிற ப்ரூஃபே எனக்கு வரவில்லை. அந்த அம்மிணிக்காரர் எண் இப்போது எடுப்பதே இல்லை. இதற்கா 48,000?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஐ.எஸ்.பி.என்.னுக்கு என்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது, எழுதினவரே விண்ணப்பிக்கலாம். எத்தனை பிரதி, என்றைக்குத் தருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். ப்ரூஃபைக் காகிதத்தில் கேளுங்கள். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் போடலாம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. நான் ஈரோட்டில் போடப் போகிறேன். இதே மாதிரி பணம் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் ரசீதை எடுத்துக்கொண்டு உள்பெட்டிக்கு வாருங்கள்.